புரொப்பெல்லர் சாயும் பக்கம்

இறங்குகிறது. ஒன்றாம் பிளேடுதான் இறங்குகிறது, ஆனால் போன சனிக்கிழமைபோல் இல்லை. அன்றைக்குக் கையை எடுத்த உடனே சரிந்து தரையைப் பார்த்து நின்றது. இன்றைக்கு யோசித்து யோசித்து இறங்குகிறது, பாதி வழியில் மனம் மாறியதுபோல் திரும்பி மேலே வருகிறது, மறுபடி இறங்குகிறது. கதவைச் சாத்தியிருக்கிறேன். ஜன்னல்களில் சாக்கு தொங்குகிறது. ஃபேன் ஓடவில்லை. சித்திரை மாதத்து இரண்டரை மணி வெயிலில் தகரக் கொட்டகைக்குள் ஒரு மனிதன் இப்படி உட்கார்ந்திருக்க ஒரே காரணம்தான் இருக்க முடியும். எதிரே ஒரு ஸ்டாண்டு, அதில் கத்திபோல் கூரான இரண்டு இரும்பு விளிம்புகள், அவற்றின்மேல் குறுக்கே ஒரு ஷாஃப்டு, ஷாஃப்டின் நடுவில் மாட்டிய ஒன்றரை மீட்டர் மரப் புரொப்பெல்லர். அதன்மேல் காற்று படக்கூடாது. வேலை ரொம்ப எளிது, யாருக்கும் சொல்லிக் கொடுத்துவிடலாம். கனமான பிளேடு கீழே போகும். அதில் கொஞ்சம் மரத்தைச் சுரண்டு. மறுபடி வை. மறுபடி பார். எந்தப் பக்கமும் போகாமல் விட்ட இடத்தில் விட்டபடி நின்றால் முடிந்தது. மோட்டார் கம்பெனியில் பேலன்சிங் பிரிவில் முப்பத்தொரு வருடம் இதையே செய்தேன், அங்கே மரம் இல்லை, மோட்டாருக்குள் சுழலும் இரும்பு ரோட்டர். சென்னியப்பன் பார்த்துச் சரி என்று சொன்ன ரோட்டரை மறுபடி யாரும் பார்ப்பதில்லை என்பார்கள். அதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது யாராவது அதைச் சொன்னால் பேச்சை மாற்றுகிறேன். “என்னுங் மச்சான், நின்னுச்சுங்ளா?” என்று வெளியிலிருந்து திருமூர்த்தி கேட்கிறார். என் தங்கை சுலோச்சனாவின் வீட்டுக்காரர். இந்தப் புரொப்பெல்லரைச் செதுக்கியவர், பின்னால் நிற்கிற விமானத்தைப் பதினோரு வருடமாகக் கட்டியவர். “இன்னும் ஆடிட்டிருக்குதுங் மாப்ள.” “ஆடட்டுங், ஆடட்டுங். நான் மூச்சே விடாம உக்காந்திருக்கறேன்.” “நீங்க வெளியதான இருக்கறீங்க, தாராளமா விடுங்க.” சிரிக்கிறார். அந்தச் சிரிப்பு கதவிடுக்கு வழியாக வந்து என் பிடரியில் உட்கார்கிறது. நானும் சிரித்திருக்கிறேன். இந்த ஆறு வாரத்தில் எல்லாச் சிரிப்புக்கும் சரியான நேரத்தில் பதில் சிரிப்பு சிரித்திருக்கிறேன், அதில் ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

ஷாஃப்டு என்னுடையது. ஓய்வு பெற்ற அன்று கம்பெனியில் கொடுத்தார்கள், எண்ணெய்த் துணியில் சுற்றி ஒவ்வொரு சனிக்கிழமையும் பையில் எடுத்து வருவேன், சாயங்காலம் திரும்ப எடுத்துப் போவேன். அதன் ஒரு பக்கம் உள்ளங்கையைவிடப் பெரிய வட்டமான காலர் இருக்கிறது. புரொப்பெல்லரின் நடுப்பகுதி அதில் போய் ஒட்டி நிற்கும். காலரின் முதுகில் ஒரு குடைவு. அந்தக் குடைவில் மெழுகு வைத்து ஒட்டிய ஒரு ஈயத் துண்டு இருக்கிறது, தீப்பெட்டி அளவு, அதைவிட மெல்லியது, தொண்ணூறு கிராம். நான் ஒட்டியது. ஷாஃப்டை மாட்டும்போது ஈயம் எப்போதும் ஒன்றாம் பிளேடின் பக்கம் வருகிற மாதிரி மாட்டுவேன். மாட்டுவதும் கழற்றுவதும் நான்தான், என் ஷாஃப்டு என்பதால் மாப்பிள்ளை தொடுவதில்லை, அது ஒரு மரியாதை. ஆகவே ஒன்றாம் பிளேடு இறங்கும். அதில் மரம் கூடுதல் என்பதால் இல்லை, என் ஈயம் இழுப்பதால். அவர் ஒன்றாம் பிளேடைச் சுரண்டுவார். ஆறு சனிக்கிழமைகள். சொல்லிவிட்டேன். மனசுக்குள் சொல்வது எவ்வளவு சுலபமாக இருக்கிறது. வெளியே கதவுக்கும் எனக்கும் நடுவில் எட்டு அடிதான், அந்த எட்டு அடியில் ஒரு சொல்லும் நகரமாட்டேன் என்கிறது. இன்றைக்கு வெயில் வேறு. மெழுகு இளகி ஈயம் கழன்று டொக்கென்று விழுந்துவிட்டால்? விழாது, அந்த மெழுகு இந்தச் சூட்டுக்கு இளகாது, எனக்குத் தெரியும், இருந்தாலும் அந்த டொக்கை ஆறு வாரமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். சாப்பிடும்போது யாராவது கரண்டியைக் கீழே போட்டால் திடுக்கிடுகிறேன். விழுந்துவிடட்டும் என்றும் ஒரு மனம். விழுந்தால் நான் சொல்ல வேண்டியதில்லை.

முதல் சனிக்கிழமை நின்றது. அதுதான் கொடுமை. ஒரு தடவைகூடச் சுரண்டாமல், முதல் தடவை வைத்தபோதே நின்றது. மாப்பிள்ளை ஃபவுண்டரிக்கு மர அச்சு செய்கிற பேட்டர்ன் வேலையில் முப்பது வருடம் இருந்தவர். மகாகனிப் பலகை ஏழை ஒட்டி, நாலு மாதம் செதுக்கி, நூல் வைத்து அளந்து அளந்து செய்த புரொப்பெல்லர். அன்றைக்கு நான் ஷாஃப்டை மாட்டி வைத்தபோது அவர் கொட்டகையில் இல்லை, மட்டம் பார்க்கிற ரசமட்டம் வீட்டுக்குள் இருக்கிறது என்று எடுக்கப் போயிருந்தார். நான் சும்மா கையை எடுத்தேன். படுக்கைவாட்டில் நின்றது. சாய்த்து விட்டேன், சாய்ந்தபடி நின்றது. செங்குத்தாக நிறுத்தினேன், நின்றது. முப்பத்தொரு வருடத்தில் கையால் செய்த ஒரு பொருள் முதல் தடவையிலேயே அப்படி நின்று நான் பார்த்ததில்லை. கைதட்ட வேண்டும் என்று தோன்றியது, தட்டப் போனேன் என்றுகூட ஞாபகம். அப்புறம் வெளியே அவர் செருப்புச் சத்தம். நடந்து வருகிற சத்தம், வேகமான நடை இல்லை, பத்துப் பதினைந்து அடி இருக்கும். அந்தப் பதினைந்து அடிக்குள் என் பையில் கிடந்த பழைய ஈயத்தில் ஒரு துண்டும் மெழுகும் காலருக்குப் பின்னால் போய்விட்டன. நான் யோசித்துச் செய்ததாக ஞாபகம் இல்லை. ஆனால் எந்தப் பக்கம் ஒட்டினால் ஒன்றாம் பிளேடுக்கு நேராக வரும் என்று பார்த்து ஒட்டியிருக்கிறேன். யோசிக்காத கை அதைப் பார்க்குமா? அவர் வந்தார். “வெச்சுட்டீங்களா?” என்றார். நான் கையை எடுத்தேன். ஒன்றாம் பிளேடு இறங்கியது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை, புரொப்பெல்லரையே பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனால் “ஓஹோ” என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. அதற்கப்புறமாவது எடுத்திருக்கலாம். இன்னொரு தடவை பார்ப்போம் மாப்ள என்று சொல்லிக் கழற்றி, நகத்தால் நெம்பி, அவ்வளவுதான். எடுத்திருப்பேன். சுலோச்சனா டீ கொண்டுவந்தாள், டம்ளரை வாங்கினேன், சூடாக இருந்தது, வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினேன், நிமிர்ந்து பார்த்தபோது அவர் சுரண்டியை எடுத்து ஒரு இழுப்பு இழுத்துவிட்டார். ஒரே ஒரு மரச்சுருள். வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது, சிவப்பு, தரையில் விழுந்து ஒருமுறை உருண்டது. டீ சூடு கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் என்று இன்னும் நினைக்கிறேன். டீயின் மேல் பழி போடுகிறேன்.

சுலோச்சனாதான் சொன்னாள். அதை மறக்கக்கூடாது, நானாகச் செய்யவில்லை. அதற்கு முந்தின வாரம், அரிசிம்பருப்பு சாதம் போட்டு நெய் ஊற்றிக்கொண்டே சொன்னாள். “நீங்கதானுங்ணா எப்படியாச்சும் நிறுத்தோணும்” என்றாள். சொன்னாளா? நிறுத்தோணும் என்று சொன்னாளா? அந்த வாக்கியத்தை முதல் இரண்டு வாரம் தலையணைக்குக் கீழே வைத்துத் தூங்கினேன், அதில் நிறுத்தோணும் என்ற சொல் இருந்தது. மூன்றாவது வாரம் எடுத்துப் பார்த்தபோது அது வேறு மாதிரி இருந்தது. “கொஞ்ச நாள் தள்ளிப் போனாலும் பரவால்லீங்ணா.” ஆம், இப்படித்தான், அவள் எதையும் நேராகக் கேட்கிறவள் இல்லை. தள்ளிப் போனாலும். தள்ளிப்போடுங்க என்பது வேறு, தள்ளிப் போனாலும் என்பது வேறு. சொல்லிவிட்டு அவள் வேறு பக்கம் திரும்பி ரசத்தை எடுத்தாள், இல்லை, ரசம் முன்னாலேயே வந்துவிட்டது, எடுத்தது மோர். “என்ன மச்சான், தூங்கீட்டீங்களா?” என்று வெளியிலிருந்து குரல். “இல்லீங், பாத்துட்டேதான் இருக்கறேன்.” “எந்தப் பக்கம் எறங்குது?” “ஒண்ணாம் பக்கந்தான். கம்மியாத்தான் எறங்குது.” கம்மியாக என்று சொன்னதும் வெளியே ஸ்டூல் நகர்கிற சத்தம் கேட்கிறது. எழுந்துவிட்டார். எழுந்து கதவருகே வந்து நின்றிருப்பார், கதவில் காதை வைத்திருந்தாலும் ஆச்சரியம் இல்லை. உள்ளே ஒரு ஆள் இருந்தால் போதும், இரண்டு பேர் மூச்சு விட்டால் காற்று அசையும் என்று நான்தான் சட்டம் போட்டேன். நான் சொன்னால் சட்டம்.

சட்டம் என்றால் இன்னொன்றும் உண்டு. ஷாஃப்டைத் திருப்பிப் போட்டுப் பார். கம்பெனியில் புதிதாகச் சேர்கிறவர்களிடம் முதல் நாள் முதல் பாடமாக இதைத்தான் சொல்வேன். பேலன்ஸ் ஆகவில்லை என்றால் பொருளைச் சந்தேகப்படுவதற்கு முன் ஷாஃப்டைச் சந்தேகப்படு. பொருளை அப்படியே வைத்துக்கொண்டு ஷாஃப்டை மட்டும் பாதிச் சுற்றுத் திருப்பி மாட்டு. சாய்கிற பக்கம் மாறவில்லை என்றால் குற்றம் பொருளில். மாறினால் குற்றம் ஷாஃப்டில். அரை நிமிட வேலை. இந்த ஆறு வாரத்தில் நான் திருப்பிப் போடவில்லை, மாப்பிள்ளையும் போடச் சொல்லவில்லை. அவருக்கு அந்தப் பாடம் தெரியாமல் இல்லை, நானே எப்போதோ சொல்லியிருக்கிறேன். சென்னியப்பனின் ஷாஃப்டைச் சந்தேகப்பட அவருக்குத் தோன்றவில்லை. அவர் சந்தேகப்பட்டது வேறு ஒன்றை. மூன்றாவது சனிக்கிழமை சாயங்காலம் வண்டியை எடுக்க வந்தபோது சுலோச்சனா வாசலில் மெதுவாகச் சொன்னாள். “அவரு கையையே பாத்துட்டு உக்காந்திருக்காருங்ணா. ரெண்டு கையையும் நீட்டி வெச்சுட்டு, நடுங்குதா பாரு, நடுங்குதா பாருன்னு எங்கிட்டக் கேக்கறாரு.” நடுங்குகிறதா என்று நான் கேட்டேன். “எனக்கொண்ணும் தெரியலீங்ணா. ஆனா சரியா செதுக்கியிருந்தா ஏன் சாயுதுங்கறாரு.” ஐந்தாவது வாரம் கோயமுத்தூரில் நரம்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார்கள். டாக்டர் ஒன்றும் இல்லை என்றாராம், எதற்கும் ஒரு ஸ்கேன் எடுக்கலாம் என்றாராம். மாப்பிள்ளை ஸ்கூட்டர் ஓட்டுவதை விட்டுவிட்டார். காப்பி டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். சுரண்டியை முன்னெல்லாம் ஒரே இழுப்பாக இழுப்பவர் இப்போது நகக்கண் அளவு இழுத்து, நிறுத்தி, விரலால் தடவிப் பார்த்து, மறுபடி நகக்கண் அளவு இழுக்கிறார். அதனால்தான் ஆறு வாரம் ஆனது. முன்பிருந்த திருமூர்த்தியாக இருந்தால் ஒரே நாளில் ஏழு கிராமை எடுத்திருப்பார். ஏழு கிராம், முனையில் வைத்துக் கணக்குப் பார்த்தால். என் தொண்ணூறு கிராம் நடுவுக்குப் பக்கத்தில் இருப்பதால் முனையில் அதற்குச் சமம் ஏழுதான். ஏழு கிராம் என்றால் ஒரு ஸ்பூன் சர்க்கரைகூட முழுதாக இல்லை. ஆனால் அது நிமிடத்துக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு சுற்றுச் சுற்றும்போது முப்பத்தைந்து கிலோவுக்கு மேல் இழுக்கும், பக்கம் பக்கமாக, ஒரு வினாடிக்கு நாற்பது தடவை. எட்டு வயதுக் குழந்தை ஒன்றும், கூடவே பையும் தண்ணி பாட்டிலும் சேர்ந்து இன்ஜினைப் பிடித்துத் தொங்கி உலுக்குவதுபோல.

வியாழக்கிழமை லாரி வருகிறது. சர்க்கரை ஆலைக்காரர்களின் பழைய ஓடுதளத்துக்கு விமானத்தை ஏற்றிப் போகிறோம், அனுமதிக் காகிதம் வந்துவிட்டது, மாப்பிள்ளைக்கு இளவயதில் வாங்கிய உரிமம் இருக்கிறது, அதைப் புதுப்பித்தும் விட்டார். இது ஈயத்தோடு சேர்ந்து நின்றுவிட்டால் அதன் அர்த்தம், ஈயம் இல்லாமல் இது நிற்காது என்பது. நான் ஷாஃப்டை வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவேன். ஈயம் என்னோடு வந்துவிடும். புரொப்பெல்லர் மட்டும் இன்ஜினில் ஏறும். தரையில் ஓட்டிப் பார்க்கும்போதே உதறல் தெரிந்துவிடும் என்று ஒரு மனம் சொல்கிறது. தெரிந்தால் மறுபடி அவர் கையைப் பார்ப்பார். தெரியாமல் போனால்? சின்ன இன்ஜின், எப்போதுமே உதறுகிறதுதான், இவ்வளவு உதறும் என்று நினைத்துக்கொண்டால்? மேலே போனபின் போல்ட் தளர்ந்தால்? நான் கண்ணை மூடவில்லை, மூடினால் அது எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும். இன்னொரு வழியும் இருக்கிறது, நேற்று பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது தோன்றி என்னை எழுந்து நிற்கவே வைத்துவிட்ட வழி. ஒன்றாம் பிளேடின் பக்கம் இருக்கிற போல்டுக்கு அடியில் கனமான வாஷர் ஒன்றைப் போட்டுவிடலாம். அதே தொண்ணூறு கிராம், அதே இடம். பேலன்ஸ் சரியாகிவிடும். யாருக்கும் ஒன்றும் தெரியாது, அவர் பறப்பார், இறங்குவார், நான் கைதட்டுவேன். பின்னால் இருந்த அம்மாள் “எறங்கறீங்களா?” என்று கேட்டபோதுதான் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது. உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் மரம் ஞாபகம் வந்தது. ஒன்றாம் பிளேடின் முனைப்பக்கம் ஒரு மில்லிமீட்டர் போயிருக்கிறது. எட்டு மில்லிமீட்டர் இருந்த இடத்தில் ஏழு. மேலிருந்த பலகையைத் தாண்டி ஒட்டுக் கோடு வரை சுரண்டிவிட்டார், பசைக் கோடு தேன் நிறத்தில் தெரிகிறது. தெரியலாமா? அது தாங்குமா? எனக்குத் தெரியாது. எனக்குக் கனம் தெரியும், மரம் தெரியாது. மரம் தெரிந்தவர் மாப்பிள்ளை. அவரிடம் கேட்க வேண்டும். கேட்பதென்றால், ஒரு பிளேடு ஏழு ஒரு பிளேடு எட்டு இருந்தால் தாங்குமா மாப்ள என்று கேட்க வேண்டும், ஏன் மச்சான் கேட்கறீங்க என்பார். இங்கே வந்து நிற்கிறது. எந்த வழியாகப் போனாலும் கடைசியில் அவருடைய ஏன் மச்சானில் வந்து முட்டி நிற்கிறது.

ஆட்டம் சிறுத்துவிட்டது. ஒரு சாண் போய்வந்தது இப்போது நாலு விரல்கடைதான் போய்வருகிறது. வியர்வை புருவத்தில் இறங்கிக் கண்ணில் எரிகிறது, துடைக்கக் கையைத் தூக்கினால் காற்று அசையும். பின்னால் விமானம் நிற்கிறது, திரும்பிப் பார்க்காமலே தெரியும், துணி போர்த்திய உடம்பு, வார்னிஷ் வாடை, ஒரே ஒரு சீட். பதினோரு வருடத்துக்கு முன் தரையில் சாக்பீஸால் கோடு போட்டபோது அவர் கேட்டார். “ரெண்டு சீட்டாப் போட்டுரலாங்ளா மச்சான்?” “எனக்கெதுக்குங் மாப்ள, உங்களுக்கு மட்டும் போடுங்க. ரெண்டு பேருன்னா இன்ஜின் பெருசாப் போகணும்.” நியாயமான பதில். அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு ஒரு சீட்டுக்கான கோட்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் காலால் தேய்த்து அழித்தார். அவர் இன்னொரு தடவை கேட்டிருந்தால் சரி என்றிருப்பேன். கேட்கவில்லை. அதிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் காலை பத்து மணிக்கு வந்து அவருக்கான விமானத்துக்கு நான் ஆணி பிடித்திருக்கிறேன், பலகை பிடித்திருக்கிறேன், துணி இழுத்திருக்கிறேன். வாரத்தில் மற்ற ஆறு நாளும் எனக்கு என்ன இருக்கிறது? காலையில் நடை, பேப்பர், மருந்து. என் வீட்டில் கடிகாரம் ஓடுகிற சத்தம் சமையலறைவரை கேட்கும். வெள்ளிக்கிழமை ராத்திரி ஷாஃப்டைத் துடைத்து எண்ணெய் போடும்போது மனசுக்குள் ஒரு விசில் வரும். இது பறந்துவிட்டால், அப்புறம்? இன்னொன்று கட்டுவாரா? அறுபத்திரண்டு வயதில்? இது பறந்துவிட்டால் நான் சனிக்கிழமை எதற்கு வரவேண்டும், அரிசிம்பருப்பு சாதம் சாப்பிடவா? இதையெல்லாம் ஏன் இப்போது நினைக்கிறேன், சுலோச்சனாவின் பேச்சையல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன். நெய் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே சொன்னாள். “அவரு மேல போயி எறங்குற வரைக்கும் எனக்கு பக்குனுதாங்ணா இருக்கும்.” அதுதான். அந்தக் குரல், அந்தப் பக்குனு. நான் சாதத்தைப் பிசைந்துகொண்டிருந்தேன், நிமிரவில்லை. அவள் நெய்க் கிண்ணத்தை வைத்துவிட்டு இன்னும் ஏதோ சொன்னாள். அந்த இடம் வந்தாலே ஆறு வாரமாக வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன், ரசமா மோரா என்று விசாரிக்கப் போய்விடுகிறேன். மோர்தான். மோரை ஊற்றிக்கொண்டே சொன்னாள். “ஆனா போகட்டுங்ணா. பதினோரு வருசம் ஆசப்பட்டுட்டாரு. போயிட்டு வரட்டும்.”

நிறுத்தோணும் என்று சொல்லவில்லை. தள்ளிப் போனாலும் பரவாயில்லை என்றுகூடச் சொல்லவில்லை. போகட்டும் என்றாள். பக்குனு என்பதை மட்டும் கிள்ளி எடுத்துக்கொண்டு போகட்டும் என்பதை இலையிலேயே விட்டுவிட்டு எழுந்தவன் நான்.

நின்றுவிட்டது. எப்போது நின்றது என்று பார்க்கவில்லை, பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், ஆனால் பார்க்கவில்லை. படுக்கைவாட்டில், ஜன்னல் சாக்கின் கீழ் விளிம்புக்கு நேர்கோட்டில் நிற்கிறது. விரல் நுனியால் சாய்த்து விடுகிறேன். சாய்ந்தபடி நிற்கிறது. செங்குத்தாக நிறுத்துகிறேன். நிற்கிறது. “மச்சான்?” மறுபடி படுக்கைவாட்டுக்கே திருப்புகிறேன். “மச்சான், சத்தத்தையே காணோம்?” “வாங்க மாப்ள” என்று சொன்னது யார், நான்தான். கதவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து, திருடன் மாதிரி நுழைந்து, பக்கவாட்டில் நடந்து வந்தார். பார்த்தார். வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு கையை வாயிலிருந்து எடுத்து, “சுலோ!” என்று கூப்பிட்டார், கொட்டகையே அதிர்ந்தது, புரொப்பெல்லர் மட்டும் அசையவில்லை. “சுலோ, இங்க வா, ஓடியா! நின்னுருச்சு!” சுலோச்சனா ஈரக் கையோடு வந்து கதவில் நின்றாள். “நின்னுருச்சுங்களா? அப்பாடா. இனியாச்சும் இந்த மனுசன் காப்பிய ஒத்தக் கையில குடிப்பாரா?” “குடிப்பேன், குடிப்பேன். ஒத்தக் கையில உன்னையே தூக்குவேன்.” “தூக்குனீங்க போங்க, அந்த நரம்பு டாக்டர்கிட்டத்தான் மறுபடியும் போகோணும்.” இரண்டு பேரும் சிரிக்கிறார்கள். அவர் வலது கையை நீட்டி, விரல்களை விரித்து, எனக்குக் காட்டுகிறார். “பாருங்க மச்சான். நிக்குதுங்ளா? கல்லாட்டம் நிக்குது.” நிற்கிறது. முதலிலிருந்தே நின்றது. இந்த நிமிடம் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் அவர் கை அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. வியாழக்கிழமை லாரி வரும். நான் சொல்லாமல் இருப்பதுதான் இப்போது அன்பு மாதிரி இருக்கிறது. அன்பு மாதிரி இருக்கிறது என்பதாலேயே எனக்குப் பயம் வந்தது. அன்றைக்கு அந்தப் பதினைந்து அடி செருப்புச் சத்தத்திலும் அது அன்பு மாதிரிதான் இருந்தது.

“மாப்ள, ஷாஃப்டைத் திருப்பிப் போட்டுப் பாக்கோணுங்” என்றேன். “எதுக்குங் மச்சான், அதுதான் நின்னுருச்சே.” “போடோணும். அதுதான் முறை.” கழற்றினேன். பாதிச் சுற்றுத் திருப்பி மாட்டினேன். கத்தி விளிம்பில் வைத்தேன். கை நடுங்கியது, இந்தக் கொட்டகையில் நடுங்குகிற கை ஒன்று இருந்தது என்றால் அது இதுதான். விட்டேன். இரண்டாம் பிளேடு விழுந்தது. இறங்கவில்லை, விழுந்தது, ஸ்டாண்டே குலுங்கியது. மாப்பிள்ளை விழுந்த பிளேடைப் பார்த்தார், பிறகு ஷாஃப்டைப் பார்த்தார், முதல் தடவையாக அதைச் சந்தேகத்தோடு பார்த்தார். பாடம் அவருக்குத் தெரியும். நான் ஷாஃப்டை உருவி, காலருக்குப் பின்னால் நகத்தை விட்டு நெம்பி, ஈயத்தை எடுத்து வேலைப் பலகையில் வைத்தேன். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. “மொத நாளே நின்னுச்சுங் மாப்ள” என்றேன். “நீங்க ரசமட்டம் எடுக்கப் போயிருந்தீங்க. கையே வெக்காம நின்னுச்சு. நாந்தான் இத ஒட்டுனேன். அன்னையிலிருந்து நீங்க சொரண்டுனது பூராவும் இதுக்குத்தான்.”

அவர் கோபப்படவில்லை. ஈயத்தை எடுத்து எடை பார்த்தார், அது பழக்கம், எதை எடுத்தாலும் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். கீழே வைத்தார். ஒன்றாம் பிளேடின் முனையில் கட்டைவிரலை வைத்து ஒட்டுக் கோட்டின்மேல் மெதுவாக, மிக மெதுவாகத் தடவினார். “இது தாங்காது” என்றார், எனக்குச் சொல்லவில்லை, மரத்துக்குச் சொன்னார். பிறகு நிமிர்ந்து என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தார். சுலோச்சனா கையைத் துடைக்க மறந்து நின்றிருந்தாள். “இவ சொன்னாளா?” என்று கேட்டார். சுலோச்சனாவின் முகத்தில் ஒரு நொடி ஒரு கலவரம் ஓடியது, சொன்னோமோ, எப்போதாவது வாய்தவறிச் சொல்லிவிட்டோமோ என்று அவளே தேடினாள். ஆறு வாரமாக நான் அவள் வாயில் வைத்திருந்த சொல்லை அவள் அங்கே தேடிக்கொண்டிருந்தாள். “இல்லீங்” என்றேன். “அவ போகட்டும்னுதான் சொன்னா. போயிட்டு வரட்டும்னா.” “பின்ன?” பின்னே என்றால் எனக்குச் சனிக்கிழமை என்று சொல்ல வேண்டும். ஒரு கிழமையின் பெயரைச் சொல்லி ஒரு மனிதன் எப்படி மன்னிப்புக் கேட்பது? “இது முடிஞ்சுபோனா நான் எங்க போறதுன்னு நெனச்சேனுங் மாப்ள. அவ்வளவுதான். வேற ஒண்ணும் பெருசா இல்ல.”

வேலைப் பலகைக்குக் கீழே மிச்சமிருந்த மகாகனிப் பலகைகளை அவர் ஒவ்வொன்றாக வெளியே இழுத்தார். எண்ணவில்லை, தட்டிப் பார்த்தார், ஒன்றை மட்டும் ஒதுக்கி வைத்தார். லாரிக்காரனுக்கு போன் பண்ணி வேண்டாம்னு சொல்லிடு என்றார் சுலோச்சனாவிடம். அவள் போனாள். என்னைத் திரும்பிப் பார்க்காமல் போனாள். நான் ஷாஃப்டை எண்ணெய்த் துணியில் சுற்ற ஆரம்பித்தேன். “அது இங்கயே இருக்கட்டுங் மச்சான்” என்றார். குரல் எப்போதும்போல் மரியாதையாகத்தான் இருந்தது. “புதுசு செதுக்க நாலு மாசம் ஆகும். நானே வெச்சுப் பாத்துக்கறேன். நீங்க அலைய வேண்டாம்.” சுற்றிய துணியைப் பிரித்தேன். குடைவில் ஒட்டியிருந்த மெழுகை நகத்தால் முழுவதும் சுரண்டி எடுத்தேன், மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன், வெளிச்சத்தில் காட்டிப் பார்த்து மறுபடியும் துடைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். துடைத்து முடித்ததும் கையை நீட்டினார், ஒற்றைக் கையை. ஷாஃப்டை அதில் வைத்தேன்.